இருபத்தொரு நாள்

விம்கோ நகர்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். நேற்று ராத்திரி நீ போனில் கத்தியதில் பாதிதான் காதில் விழுந்தது. மீதியைக் கன்டெய்னர் லாரியின் ஹாரன் தின்றுவிட்டது. விழுந்த வரைக்கும் விஷயம் இதுதான்: உங்கள் ஃபயர் செக்‌ஷன் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் வண்டிக்கு ஆறு பேர் என்று இருந்ததை நாலு பேராக்கப் போகிறார்கள். சங்கக் கமிட்டிக்கு நீ வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, "நாளைக்கே வேலையை நிறுத்திடலாம் மாமா" என்கிறாய். போனில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். அதனால் காகிதம். உன் அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இட்லிப் பொடி டப்பாவோடு வரும்.

கோபப்பட்டதில் தப்பில்லை. கோபத்தில் சொன்ன ஒரு பேச்சுதான் தப்பு. "இது பாதுகாப்பு விஷயம், நிர்வாகம் நம்மகிட்ட பேசித்தான் ஆகணும்னு சட்டமே இருக்கு" என்றாய். பாதுகாப்பு என்ற பேரில் அப்படி ஒரு வரி, நம்மைப் போன்றவர்களுக்கான பழைய சட்டத்தில் இல்லை. இருந்தது வேறு. அது என்னவென்று தெரியாமலே நானும் பத்து வருஷம் பேச்சுவார்த்தை மேஜையில் டீ குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன்.

முதலில் உன் அண்ணனை நினைத்துப் பார். இரண்டு பேரும் ஒரே தேர்வுக்குத்தான் படித்தீர்கள். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்று மூன்று வேலைக்கும் ஆள் எடுக்கிறது. அவன் தேறிக் காக்கி போட்டான். நீ கொஞ்சம் மார்க்கில் தவறிக் கம்பெனி ஃபயர்மேன் ஆனாய். அன்றைக்கு என் தங்கச்சி அழுத அழுகை எனக்கு மறக்கவில்லை. ஆனால் இப்போது பார்: தேர்வில் தவறிய நீ சங்கக் கமிட்டி மெம்பர். தேறிய அவன் சங்கம் என்ற சொல்லையே வீட்டுக்குள் மெதுவாகத்தான் சொல்ல வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படைகளிலும் பொது அமைதியைக் காக்கும் பணியிலும் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு இடம் கொடுக்கிறது. அதைக் கொண்டு 1966-இல் காவல் படையினருக்கு ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். அனுமதியில்லாமல் தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் இரண்டு வருஷம் வரை சிறை. 1947-இன் தொழில் தகராறு சட்டமும் தொழிலாளி யார் என்று சொல்லும் இடத்திலேயே போலீஸ்காரரையும் சிறை ஊழியரையும் வெளியே நிறுத்திவிட்டது. துறைமுக வாசலில் நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை ஜவானுக்கும் இதே கதவடைப்புதான். அந்தப் படைக்குத் தனியாகத் தீயணைப்புப் பிரிவு உண்டு. அதில் இருப்பவன் செய்வதும் நீ செய்வதும் ஒரே வேலை. அவனுக்குச் சங்கம் கிடையாது, உனக்கு உண்டு.

காவலர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1979 மே மாதம் பஞ்சாபில் கிளம்பிய கிளர்ச்சி பல மாநிலங்களுக்குப் பரவியது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் தர்ம வீரா தலைமையில் இருந்த தேசிய போலீஸ் கமிஷன் தன் முதல் அறிக்கையைக் கொடுத்திருந்தது. கடைநிலைக் காவலரின் வேலை நேரம், வீடு, குறையைச் சொல்ல ஓர் இடம் என்று இதைப் பற்றித்தான் அதில் பேச்சு. பக்கத்துக் கேரளத்தில் காவலர்களுக்குச் சங்கமும் அதற்குத் தேர்தலும் நடக்கின்றன, வானம் இடிந்து விழவில்லை. நம் ஊரில் ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்குச் சங்கம் உண்டு, காவலருக்கு இல்லை. இதில் உள்ள நியாயம் எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை.

2021-இல் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசு உத்தரவு போட்டது. உங்கள் அம்மா பாயசம் வைத்தாள். நல்ல உத்தரவுதான். ஆனால் பந்தோபஸ்து என்று கூப்பிட்டால் அன்றைய ஓய்வு போச்சு, போனதைக் கேட்க உட்காரும் மேஜை அவனுக்கு இல்லை. உனக்கு அந்த மேஜை இருக்கிறது. அதன் மேல் எதை வைக்கலாம், எதை வைத்தால் தள்ளிவிடுவார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதைக் கவிழ்க்கப் பார்க்கிறாயே, அதுதான் எனக்கு வருத்தம்.

அந்த மேஜை நம்மவர்களுக்கு எப்படி வந்தது தெரியுமா? நாக்பூர் மாநகராட்சிக்கும் அதன் ஊழியர்களுக்கும் ஒரு வழக்கு. மாநகராட்சி வேலை ஆட்சி வேலை, இதில் தொழில் தகராறு எங்கே வந்தது என்று நிர்வாகம் வாதாடியது. 1960-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சுப்பா ராவ் துறை துறையாக எடுத்து வைத்துப் பார்த்தார். குடிநீர், சாக்கடை, பூங்கா, விளக்கு என்று போகும் வரிசையில் தீயணைப்புத் துறையும் வந்தது. தீயை அணைப்பதும் மக்களுக்குச் செய்யும் சேவை, அதுவும் தொழில்தான் என்று தீர்ப்பு. மாநகராட்சி வண்டிக்கே அப்படியென்றால் கம்பெனி வண்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்தத் தீர்ப்பை நான் படித்தபோது எனக்கு வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா இரவல் கொடுத்தார்.

ஆனால் தீயணைப்பு சேவையைப் பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கலாம் என்று பழைய சட்டத்தின் முதல் அட்டவணையே சொன்னது. அறிவித்தால் நினைத்த நாளில் வேலையை நிறுத்த முடியாது, 14 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இப்போது அந்த வித்தியாசமும் போய்விட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள்தான். பாதிப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒரே நாளில் கேஷுவல் லீவு போட்டால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கில் சேரும். நீ நேற்று சொன்ன "எல்லாரும் வயித்து வலின்னு லீவு போட்டுடலாம்" திட்டத்துக்கு இதுதான் பதில்.

இப்போது, மேஜை மேல் எதை வைக்கலாம் என்று சொல்லும் பட்டியலுக்கு வருகிறேன். பழைய சங்கத்துக்காரர்கள் இன்னும் "ஒன்பது ஏ" என்றுதான் சொல்வார்கள். 9-ஏ பிரிவும் நான்காம் அட்டவணையும். புதிய தொகுப்பில் அது 40-ஆவது பிரிவு, மூன்றாம் அட்டவணை. எண் மாறியது, சரக்கு அதேதான். பதினோரு இனங்கள். அவற்றில் எதை மாற்றுவதானாலும் முதலாளி தொழிலாளிக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கொடுத்து 21 நாள் ஆகாமல் மாற்றத்தைக் கொண்டுவரக் கூடாது.

சம்பளம், பி.எஃப்., படிகள், லீவு, கிரேடு. இதெல்லாம் யாருக்கும் தெரியும், தாண்டிப் போகிறேன். வேலை நேரமும் இடைவேளையும் நாலாவது. ஷிஃப்டைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் ஆறாவது. எட்டாவது எனக்குப் பிடித்தது: வழக்கமாகக் கொடுத்துவந்த சலுகையை நிறுத்துவது. எங்கள் கம்பெனியில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு டீயும் பன்னும் வரும். எந்த ஒப்பந்தத்திலும் அது எழுதியிருக்கவில்லை. ஒரு புது மேனேஜர் வந்து கேன்டீன் செலவு என்று அதை நிறுத்தினார். எங்கள் செயலாளர் எட்டாவது இனத்தைக் காட்டி ஒரு கடிதம் எழுதினார். பன்னுக்காகவா சட்டம் என்று மேனேஜர் சிரித்தார். பத்தாம் நாள் பன் வந்துவிட்டது, டீயில் சர்க்கரைதான் குறைந்திருந்தது.

ஒன்பதாவது, புதிய ஒழுங்கு விதி கொண்டுவருவது. பத்தாவது, ஆள்குறைப்புக்கு வழி பண்ணும் புது எந்திரமும் புது முறையும். உங்கள் டேங்க் பக்கம் தானாக ஃபோம் பீய்ச்சும் மானிட்டர் வரப் போகிறது என்றாயே, அது வரும்போது இந்தப் பத்தாவதைத் திறந்து பார்.

கடைசி, பதினொன்று. ஒரு வேலையிலோ பிரிவிலோ ஷிஃப்டிலோ இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்லது குறைப்பது. தற்செயலாக ஒரு நாள் இரண்டு நாள் குறைவது இதில் சேராது. முதலாளியின் கையை மீறிய காரணத்தால் குறைவதும் சேராது.

பார்த்தாயா, பதினொன்றிலும் பாதுகாப்பு என்ற சொல் கிடையாது. தீ என்ற சொல் கிடையாது. நீ "உயிருக்கு ஆபத்து" என்று பேசினால் எதிரே உட்கார்ந்திருப்பவர் மரியாதையாகச் சொல்வார்: "அது சேஃப்டி கமிட்டி விஷயம், அங்கே பேசுங்கள்." அவர் சொல்வதில் பொய்யில்லை. போபாலுக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தியபோது, ஆபத்தான ஆலைகளில் நிர்வாகமும் தொழிலாளியும் சமமாக உட்காரும் பாதுகாப்புக் கமிட்டி வந்தது. உடனடி ஆபத்தைக் கண்டால் எச்சரிக்கும் உரிமையும் தொழிலாளிக்கு வந்தது. நல்ல விஷயங்கள். ஆனால் அந்தக் கமிட்டி மினிட்ஸ் எழுதும், சிபாரிசு செய்யும். ஒப்பந்தம் போடாது. நாங்கள் பத்து வருஷம் இந்த இரண்டு அறைக்கும் நடுவில் நடந்தோம். அங்கே போனால் "ஆள் எண்ணிக்கை நிர்வாக விஷயம்", இங்கே வந்தால் "பாதுகாப்பு கமிட்டி விஷயம்".

அதே வண்டி, அதே ஆறு பேர். அதை "எங்கள் உயிர்" என்று சொன்னால் ஒரு கதவு மூடும். "ஷிஃப்டின் ஆள் எண்ணிக்கை, பதினொன்றாவது இனம்" என்று சொன்னால் இன்னொரு கதவு திறக்கும். வேலை நேரம், இடைவேளை, வேலைப் பளு, படி என்று பட்டியலின் பாஷையில் பேசு. உயிரைப் பற்றிய பேச்சு அதற்குள் தானாக வந்துவிடும்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. கலிஃபோர்னியாவில் வல்லேஹோ என்று கப்பல் கட்டும் தளத்தோடு வளர்ந்த ஓர் ஊர். அங்கே தீயணைப்பாளர் சங்கம் வண்டிக்கு எத்தனை பேர் என்று பேச வேண்டும் என்றது. அது எங்கள் நிர்வாக அமைப்பு பற்றிய விஷயம், பேச முடியாது என்றது நகராட்சி. 1974-இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் நடுவில் ஒரு கோடு கிழித்தது. ஊருக்கு எவ்வளவு தீப்பாதுகாப்பு வேண்டும் என்பது நகராட்சியின் கொள்கை. ஆனால் ஆள் குறைவதால் வண்டியில் இருப்பவனின் வேலைப் பளுவும் ஆபத்தும் கூடுமானால், அந்த அளவுக்கு அதைப் பேசத்தான் வேண்டும். என்னைக் கேட்டால் இதைவிடச் சரியான கோட்டை யாரும் கிழிக்க முடியாது. நம் சட்டத்தில் அப்படித் தெளிவான கோடு இல்லாததால் நமக்குப் பதினொன்றாவது இனம்தான் துணை.

இனி நான் சொல்லக் கூச்சப்படும் பகுதி.

எங்கள் ஷிஃப்டிலும் ஆறு பேர்தான் இருந்தோம். பம்ப் ஆப்பரேட்டர் ஒருவர், அவர் பம்பை விட்டு நகரக் கூடாது. தண்ணீர் பீய்ச்சும் பிராஞ்சைப் பிடிக்க இரண்டு பேர். சுவாசக் கருவியான பி.ஏ. செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போக இரண்டு பேர், தனியாக ஒருவனை உள்ளே அனுப்பக் கூடாது. எல்லாரையும் பார்த்துக்கொள்ள ஒரு லீடிங் ஃபயர்மேன். கணக்கு சரியாக வரும். பிறகு ஒருவர் ரிட்டயர் ஆனார், அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. அடுத்த வருஷம் இன்னொருவர். நோட்டீசும் இல்லை, சத்தமும் இல்லை. ஆறு நாலானது. நாங்கள் ஒன்பது ஏ என்று குதித்தோம். நோட்டீஸ் கொடுக்காமல் ஆள் குறைத்தது செல்லாது என்று எழுதினோம். பதிலுக்கு நிர்வாகம் ஒரு ஜெராக்ஸ் தாளை அனுப்பியது. மூன்று வருஷத்துக்கு முன் சமரச அதிகாரி முன்னால் போட்ட 12(3) ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம். "உற்பத்தித் திறனை முன்னிட்டு, பிரிவுகளில் ஆள் எண்ணிக்கையை நிர்வாகம் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொள்ளச் சங்கம் ஒத்துழைக்கும்." கீழே ஏழு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது.

ஒப்பந்தத்தின்படி நடக்கும் மாற்றத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை என்று அந்தப் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. புதிய தொகுப்பிலும் இருக்கிறது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து அன்றைக்குக் கையெழுத்துப் போட்டபோது எங்கள் கண் முழுக்க முதல் பக்கத்தில் இருந்தது. மாதம் நானூறு ரூபாய் உயர்வு, இரண்டு வருஷ அரியர்ஸ். தீபாவளிக்கு முந்தின வாரம். ஏழாம் பக்கத்தை நான் படிக்கவே இல்லை என்று சொன்னால் நீ நம்புவாய். படித்தேன். இதெல்லாம் சும்மா எழுதும் வார்த்தை என்று நினைத்தேன்.

அடுத்த கோடையில் ஒரு ராத்திரி கெமிக்கல் குடோனில் தீ. நாலு பேர். பம்பில் ஒருவர், வெளியே பிராஞ்சில் நானும் லீடிங் ஃபயர்மேனும். உள்ளே ஒருவன் தனியாகப் போனான், யாரும் அனுப்பவில்லை, அவனே போனான். சிலிண்டர் காற்று தீரும் நேரத்துக்கு அடிக்கும் விசில் சத்தம் எங்களுக்குக் கேட்டது. யார் போவது என்று பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை நிமிஷத்தை நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவன் வந்துவிட்டான். வலது கை மட்டும் முன்போல் மடங்குவதில்லை. இன்றைக்கும் தேரடியில் பார்த்தால் இடது கையைத்தான் நீட்டுவான். என்னிடம் ஒரு நாளும் ஏழாம் பக்கத்தைப் பற்றிக் கேட்டதில்லை.

அதனால் ஒன்பது ஏ என்று கத்துவதற்கு முன்னால் உங்கள் கடைசி ஒப்பந்தத்தை எடு. அது மட்டும் போதாது. "முந்தைய ஒப்பந்தங்களில் மாற்றப்படாத ஷரத்துகள் தொடரும்" என்று கடைசிக்கு முந்தின பத்தியில் ஒரு வரி இருக்கும், எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அது பின்னால் இழுத்துக்கொண்டு வரும் பழைய ஒப்பந்தங்களையும் எடு. காலம் முடிந்த ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. முறையாக எழுதி முடித்துவைக்கிற வரை அது ஆளைக் கட்டும். உங்கள் நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் அப்படி ஒரு வரி உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்று தோன்றுகிறது. இருந்தால் ஏன் ஒட்டப் போகிறார்கள்? ஆனாலும் பார்த்துவிடு. தோன்றுவதை நம்பிக் கெட்டவன் சொல்கிறேன்.

வரி இல்லையென்றால் உன் கையில் இருப்பது 21 நாள். இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதே. நோட்டீஸ் கொடு என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது, தொழிலாளியின் சம்மதத்தை வாங்கு என்று சொல்லவில்லை. 21 நாள் சும்மா இருந்தால் 22-ஆம் நாள் நாலு பேர் வண்டி ஏறுவார்கள், சட்டப்படி. ஆட்சேபக் கடிதம் கொடு, தொழிலாளர் துறையில் தகராறு எழுப்பு. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது, தகராறில் இருக்கும் பணி நிலைமையை முதலாளி அதிகாரியின் அனுமதி இல்லாமல் தொழிலாளிக்குப் பாதகமாக மாற்ற முடியாது. பழைய சட்டத்தில் 33-ஆவது பிரிவு இது, புதியதிலும் அதன் ஜாடையில் பிரிவு உண்டு. ஆகவே சமரச அதிகாரியின் முதல் அமர்வு அந்த 21 நாளுக்குள் நடக்க வேண்டும். மனு கொடுத்த தேதி போதாது, உட்கார்ந்த தேதி வேண்டும். தபாலில் போட்டுவிட்டுக் காத்திருக்காதே. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் டி.எம்.எஸ். ஸ்டேஷனில் இறங்கலாம், வண்டி மாறக்கூட வேண்டாம். எங்கள் காலத்தில் இதற்கு இரண்டு பஸ்.

நிர்வாகம் "உங்கள் சங்கத்தோடு பேச மாட்டோம்" என்றால்? அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தோடு நேர்மையாகப் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடவடிக்கை என்று சட்டம் சொல்கிறது. சிக்கல் "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அங்கீகாரத்துக்கென்று தனிச் சட்டம் இருந்ததில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூர் மில் தொழிலாளிகள் மெட்ராஸ் லேபர் யூனியனைத் தொடங்கி, மில் முதலாளியான பின்னி கம்பெனி சங்கத் தலைவர் வாடியா மேல் வழக்குப் போட்டு, அதிலிருந்து 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. ஆனால் பதிவு கிடைத்ததே தவிர, பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடைக்கவில்லை. 2024-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் முப்பத்தேழு நாள் வெளியே உட்கார்ந்ததும் சங்கத்தைச் சங்கமாகப் பார்க்க வைக்கத்தான். புதிய தொகுப்பில் 51 சதவீதம் பேர் உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம். யாருக்கும் அது இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து ஒரு பேச்சுவார்த்தைக் குழு. இந்தத் தொகுப்பில் எனக்குப் பிடிக்காதது நிறைய இருக்கிறது, இது பிடித்தது. மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில், பேச வேண்டிய விஷயங்களில் ஒன்றாகப் பாதுகாப்பு, உடல்நலம் என்றும் எழுதியிருந்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வரி எங்களுக்குக் கிடைத்திருந்தால் அந்த இரண்டு அறைக்கும் நடுவில் நடந்திருக்க மாட்டோம். உங்கள் சங்கத்தில் எத்தனை பேர் சந்தா கட்டுகிறார்கள் என்று முதலில் எண்ணு. கூட்டத்துக்கு வருகிறவர்களை எண்ணாதே.

இன்னொரு தந்திரத்தையும் சொல்லி வைக்கிறேன். கமிட்டியில் சூடாகப் பேசுகிறவனைத் திடீரென்று "ஃபயர் சூப்பர்வைசர்" ஆக்குவார்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவன் புதிய தொகுப்பின்படி தொழில் தகராறு விஷயத்தில் தொழிலாளி இல்லை, அதன் பாதுகாப்பும் இல்லை. சட்டையில் எழுதியிருக்கும் பதவியைப் பார்க்கக் கூடாது, செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. அது வழக்குப் போட்டு வருஷக்கணக்கில் நடந்த பிறகு. இனிப்பு கொடுப்பதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு.

மேஜைக்குக் கொண்டுபோகக் கூடாததும் உண்டு. எரியும் இடத்தில் யார் சொல்வதை யார் கேட்பது, எந்தப் பக்கமிருந்து தண்ணீர் அடிப்பது, உள்ளே போவதா வெளியே நிற்பதா. இதை ஒரு நாளும் பேரம் பேசாதே. சட்டத்தில் இடமில்லை என்பதால் சொல்லவில்லை. அந்த இடத்தில் சங்கமும் நிர்வாகமும் கிடையாது, லீடிங் ஃபயர்மேன் மட்டும்தான். டியூட்டிக்கு வரும்போது ஊதிக் காட்டும் பரிசோதனை கொண்டுவரப் போகிறார்கள், எதிர்க்கலாமா என்று போன வாரம் கேட்டாய். ஒன்பதாவது இனத்தில் எதிர்க்கலாம். எதிர்க்காதே. குடித்தவனோடு நீ புகைக்குள் போவாயா? ஆனால் எப்படி நடத்துவார்கள் என்பதைப் பேசு. மெஷின் தப்பாகக் காட்டினால் மறுபடி ஊத விட வேண்டும், பக்கத்தில் சங்கத்தின் ஆள் ஒருவர் நிற்க வேண்டும், முதல் தடவைக்கே டிஸ்மிஸ் கூடாது. விதியை ஒத்துக்கொண்டு அதன் நடைமுறையைப் பேசுகிறவனுக்கு, அடுத்த முறை ஆறு பேர் என்று கேட்கும்போது குரல் உயரும்.

ஆறு பேர் என்பதற்குக் கணக்கு காட்டு, கண்ணீர் வேண்டாம். ஸ்டேஷன் ரெஜிஸ்டரில் போன இரண்டு வருஷத்தின் ராத்திரி அழைப்புகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் யார் எங்கே நின்றார்கள், எத்தனை பி.ஏ. செட் போனது என்று ஒரு தாளில் எழுது. நாலு பேர் இருந்திருந்தால் எந்த இடம் காலியாக இருந்திருக்கும் என்பதற்கு ஒரு பத்தி விடு. கம்பெனி மதிலுக்கு வெளியே நடந்ததையும் பக்கத்தில் வை. 2017 ஜூலையில் கொடுங்கையூர் பேக்கரித் தீயில் அரசுத் தீயணைப்பாளர் ஒருவர் இறந்தார். 2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் துணிக்கடைத் தீயில் இரண்டு பேர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தபோது சனங்கள் மூச்சு முட்டிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள், நானும் உன் அத்தையும் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு ஈரத் துணியோடு உட்கார்ந்திருந்தோம். இந்த வட்டாரத்தில் கம்பெனி வண்டியில் ஆள் குறைந்தால் கம்பெனி மட்டும் எரியாது என்பதை நிர்வாகத்துக்கும் சொல், சமரச அதிகாரிக்கும் சொல். தீப்பெட்டிக் கம்பெனியின் பேரை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்கள் நாம், இதைச் சொல்ல நமக்குக் கூடுதல் உரிமை உண்டு.

உன் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. படித்துவிட்டு ஒன்றும் சொல்ல மாட்டான். அவன் வழக்கம் அப்படி ஆகிவிட்டது.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு, முதல் பக்கம் மட்டும் வேண்டாம். நோட்டீஸ் ஒட்டியது போன சனிக்கிழமை என்றாய். இன்றோடு எட்டு நாள் போய்விட்டது.

அன்புடன்,
மாமா